பூஜைக்கு வைத்த கம்ப்யூட்டர்

போன வாரம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். குரலைக் கேட்டால், வேலைக்குச் சேர்ந்து இன்னும் நாற்காலி சூடாகியிருக்காது என்று தோன்றியது. "மேடம், ஆபீஸ்ல ஒரு சிறப்பு மலர் போடுறோம். முதல் கம்ப்யூட்டர் வந்த கதையை நீங்கதான் எழுதித் தரணும். போட்டோ இருந்தா கொள்ளாம்" என்றாள். கொள்ளாம் என்றால் நல்லது. போட்டோ இல்லை. அந்தக் கம்ப்யூட்டரைப் படம் எடுக்க எங்கள் அதிகாரி பிள்ளை சார் யாரையும் விட்டதில்லை. ஃபிளாஷ் அடித்தால் அதற்குக் கெடுதல் என்று அவர் நம்பினார்.

அந்தப் பெண் அதோடு விட்டிருக்கலாம். "இப்போ எங்க அக்கா மோள் மூணாங்கிளாஸிலேயே புரோகிராம் எழுதுதா மேடம். அந்தக் காலத்துல நீங்க எல்லாம் ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பீங்க, இல்லையா?" என்று ஒரு பரிதாபம் வேறு. எனக்குச் சுருக்கென்று வந்தது. "உங்க அக்கா மோள் புரோகிராம் எழுதட்டும் பிள்ளே. நான் படிப்பிச்ச பயலுவ புரோகிராமாவே நின்னவனுவ" என்று சொல்லி போனை வைத்தேன். சொல்லிவிட்டேனே தவிர, அதற்கு என்ன அர்த்தம் என்று விளக்காமல் விட்டால் கிழவிக்கு மறை கழன்றுவிட்டது என்றுதான் நினைப்பாள். ஆகவே எழுதுகிறேன்.

என் பெயர் ஜெயசீலி. பாறசாலைக்குத் தெற்கே, தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் பேசுகிற ஊர். திருவனந்தபுரத்தில், கிழக்கேகோட்டையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்த ஒரு சர்க்கார் அலுவலகத்தில், புள்ளிவிவரத்தை அட்டையில் துளைகளாகப் போடுகிற வேலைக்குச் சேர்ந்தேன். சில வருடம் துளை போட்டேன். மதராஸுக்கு அனுப்பி கம்ப்யூட்டருக்கு எழுதுகிற பேசிக் என்ற மொழியைப் படிக்க வைத்தார்கள். படித்துவிட்டுத் திரும்பி வந்தபோது புரோகிராம் எழுதத் தெரியும், எழுதிப் பார்க்க யந்திரம் கிடையாது. எண்பதுகளின் நடுவில் ஒருவழியாக ஒரு சின்னக் கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. அதற்கென்று தனி அறை, ஏசி, கண்ணாடிக் கதவு. எங்களுக்கெல்லாம் மேலே ஒரு மின்விசிறி மட்டும்தான்.

எங்கள் மேலதிகாரி பரமேஸ்வரன் பிள்ளை. பிள்ளை சார் அந்த அறைக்குள் நுழையும் விதம் ஒரு தனிச் சடங்கு. முதலில் செருப்பைக் கழற்றுவார். வராந்தாக் குழாயில் காலைக் கழுவித் துவாலையால் துடைப்பார். கதவைத் திறந்து அங்கேயே நின்று மூச்சை இழுத்து வாசனை பார்ப்பார். அப்புறம் மெதுவாக, "ஜெயசீலி, ஆள் உறங்குதா?" என்று கேட்பார். ஆள் என்றால் கம்ப்யூட்டர். "இல்ல சார், முழிச்சிருக்கு" என்று நான் சொன்ன பிறகுதான் உள்ளே காலெடுத்து வைப்பார். திரையில் எதையாவது காட்ட வேண்டுமானால் பென்சிலின் பின்பக்கத்தால் காட்டுவார். விசைப்பலகையை அவர் விரல் தொட்டு நாங்கள் யாரும் பார்த்ததில்லை. எல்லாம் மரியாதை என்றுதான் நினைத்தோம்.

வாரநாளில் வெள்ளை வேட்டி கட்டும் பிள்ளை சார் ஞாயிற்றுக்கிழமை காக்கி அரைக்கால் சட்டைக்கு மாறிவிடுவார். சின்ன வயதிலிருந்தே சாரணர். அப்போது ஜில்லா சாரணர்களுக்குக் கௌரவப் பொறுப்பு ஏதோ வைத்திருந்தார். கழுத்தில் விசில், தலையில் அகலத் தொப்பி, முழங்கால் வரை காலுறை. அலுவலகத்தில் அவரைப் பார்த்துப் பயப்படுகிற எனக்கு, அந்த முழங்காலைப் பார்த்தால் சிரிப்பு வரும். இரண்டையும் சேர்த்து அடக்குவது பெரிய பாடு.

அந்த வருடம்தான் சாரணர்களுக்குக் கம்ப்யூட்டர் பேட்ஜ் என்று ஒன்று வந்தது. புரோகிராம் எழுதி, பரிசோதகர் முன்னால் ஓட்டிக் காட்டினால் சட்டைக் கையில் தைத்துக்கொள்ள ஒரு வட்டத் துணி தருவார்கள். அந்தத் துணி முதலில் தன் ஜில்லாவுக்கு வந்தாக வேண்டும் என்று பிள்ளை சார் முடிவு கட்டினார். அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருந்தது சாலைக் கம்போளம் என்கிற கடைத்தெருவின் தமிழ்ப் பள்ளிக்கூடம். அதன் டிரில் மாஸ்டர் நாகராஜன்தான் அங்கே சாரண ஆசிரியர். அவரிடம் எட்டுப் பையன்கள். பலசரக்குக் கடை, பாத்திரக் கடை, துணிக் கடைப் பிள்ளைகள். கம்ப்யூட்டரைக் காலண்டர் படத்தில் கூடப் பார்க்காதவர்கள்.

"ஞாயிற்றுக்கிழமை நம்மட மெஷீன் சும்மா கெடக்குது. ஜெயசீலியும் சும்மாதானே?" என்றார் பிள்ளை சார்.

நான் சும்மாவா? தவழ்கிற மகள், சாலையில் இரும்புக் கடையில் வேலை பார்க்கிற கணவர், காலை ஆராதனை, மதியச் சமையல். ஆனால் அவரிடம் சும்மா இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வெள்ளைப் புடவையோடு நேராக அலுவலகம் போனேன். பையன்கள் வரிசையாக நின்று சல்யூட் வைத்தார்கள். எனக்கு யாரும் அதுவரை சல்யூட் வைத்ததில்லை. அந்த ஒரு சல்யூட்டில் நான் விழுந்துவிட்டேன் என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

அன்று ஒவ்வொருவனையும் விசைப்பலகையில் அவன் பெயரை அடிக்கச் சொன்னேன். அடித்தார்கள். பேட்ரோல் தலைவன், அதாவது அந்த எட்டுப் பேருக்கும் தலைவன், சுடலைமுத்து தன் பெயர் திரையில் பச்சையாக வந்ததைப் பார்த்து, "டீச்சரே, இத அழிக்காதீங்க, எங்க அப்பாவைக் கூட்டிட்டு வாறேன்" என்று கடைக்கு ஓடப் பார்த்தான். ஓட்டத்தில் கெட்டிக்காரன் சலீம், தன் பெயர் வந்ததும் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கடைசியில் இசக்கி. எட்டுப் பேரில் ஆகச் சின்னவன், எங்கே உட்கார்ந்தாலும் தூங்கிவிடுகிறவன். அவனும் அடித்தான். எல்லோரும் சந்தோஷமாகப் போனோம்.

திங்கட்கிழமை காலை பிள்ளை சார் கதவைத் திறந்து, வழக்கம்போல மூச்சை இழுத்தவர், அப்படியே நின்றுவிட்டார். பிறகு விசைப்பலகை வரைக்கும் குனிந்து மோந்தார்.

"ஜெயசீலி, எந்தாணு இது?"

"என்ன சார்?"

"இது நல்லெண்ணெயாணு."

ஞாயிற்றுக்கிழமைதான் பள்ளிக்கூடம் இல்லாத நாள். சாலைத் தெரு அம்மாமார் பிள்ளைகளைப் பிடித்து உட்கார வைத்து எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதும் அன்றுதான். தேங்காயெண்ணெயாக இருந்திருந்தால் அலுவலகத்தில் யார் மேலும் பழியைப் போட்டிருக்கலாம். எல்லார் தலையிலும் அதுதான். நல்லெண்ணெய் வாடை என்றால் தமிழ்ப் பயல்கள்தான், சாட்சியே வேண்டாம். எஸ், ஏ, எம் எழுத்துகள் மூன்றும் அழுத்தினால் கீழே போய் மேலே வர மறுத்தன.

எர்ணாகுளத்திலிருந்து ஆள் வந்து கழற்றித் துடைத்து மாட்டினான். பிள்ளை சார் என்னைக் கூப்பிட்டார். கத்தவில்லை. அவர் கத்தினால் பயமில்லை, மெதுவாகப் பேசினால்தான் பயம்.

"பிள்ளேர் இனி பரீட்சை அன்னைக்குத்தான் மெஷீனைத் தொடணும். அதுவரெ வெளிய வெச்சுப் படிப்பிச்சோ. பாஸ் ஆனா நல்லது. ஆகல்லெங்கில், காசர்கோட்டு ஆபீசிலே ஒரு ஒழிவு உண்டு. ஆர்டர் டைப் செய்து வெச்சாச்சு. தேதி மாத்திரம் போட்டா மதி."

கேரளத்தில் சர்க்கார் வேலை பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒழிவு என்றால் காலியிடம், அதாவது எனக்கு அங்கே மாற்றல். காசர்கோட்டின் மேல் ஒரு குற்றமும் இல்லை, நல்ல ஊர், நல்ல ஜனங்கள். ஆனால் திருவனந்தபுரத்துக்காரருக்கு அது மாநிலத்தின் மறுகோடி. ராத்திரி ரயில் ஏறினால் விடிந்தும் ஓடிக்கொண்டே இருக்கும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவதா, விட்டுவிட்டுப் போவதா? வீட்டில் சொன்னபோது கணவர் மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்துத்தான் எனக்கு வெறி வந்தது. தொடாமலே படிப்பிக்கச் சொல்கிறாரா, தொடாமலே படிப்பிக்கிறேன் என்று முடிவு செய்தேன்.

அலுவலக முற்றத்தில் ஒரு பலாமரம் உண்டு. அதன் அடியில் பையன்களைக் கூட்டினேன். "லேய் மக்களே, உள்ள இருக்க கம்ப்யூட்டரை மறந்திருங்க. இனி நீங்கதான் கம்ப்யூட்டர்" என்றேன். கடையிலிருந்து காலி பிஸ்கட் டின்களும் புளியங்கொட்டையும் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு டின்னும் ஒரு பெட்டி, அதாவது எண்ணைப் போட்டு வைக்கிற இடம். ஏ பெட்டி, பி பெட்டி, சி பெட்டி. புரோகிராமின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு பையன். பத்து, இருபது, முப்பது என்று நம்பர் சொல்லி வரிசையாக நிற்பான். சலீம் ஓட்டக்காரன். அவன் ஒவ்வொரு வரியிடமும் ஓடிப்போய் நிற்க, அந்த வரிக்காரன் தன் வேலையைக் கத்துவான். "ஏ பெட்டியில ரெண்டு போடு!" சலீம் போடுவான். "இருபதாம் வரிக்குப் போ!" சலீம் ஓடுவான். அச்சடிக்கிற வரிக்குச் சுடலைமுத்து. டின்னுக்குள் கையை விட்டுத் தடவி எண்ணி விடையைச் சொல்வான். டின்னின் வாய் குறுகல், உள்ளே பார்க்க முடியாது, கைதான் கணக்கு. கடைசி வரி இசக்கி. அவனுக்கு ஒரே வேலை, சலீம் வந்து நின்றதும் "முடிஞ்சு!" என்று கத்துவது. அது வரைக்கும் அவன் தூங்கலாம், தூங்கவும் செய்தான்.

இவர்களுக்கு நான் புதிதாக ஒழுங்கு படிப்பிக்க வேண்டியிருக்கவில்லை. சொன்னதை மட்டும் செய், சொல்லாததைச் செய்யாதே என்பதை நாகராஜன் மாஸ்டர் விசிலடித்தே பழக்கி வைத்திருந்தார். கம்ப்யூட்டருக்கும் அதுதான் குணம். ஒரு ஞாயிறு, ஒரு புரோகிராமை ஓட விட்டுவிட்டு, பிள்ளை சார் கூப்பிட்டார் என்று உள்ளே போனேன். அவர் டீயும் பழம்பொரியும் வரவழைத்துப் பேச ஆரம்பித்துவிட்டார். திரும்பி வந்து பார்த்தால் சலீம் இன்னும் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறான். முகம் செம்பருத்தி மாதிரி. அந்தப் புரோகிராமில் வெளியேறுகிற வரியை நான் சொல்ல மறந்துபோயிருந்தேன்.

"லேய், நிக்க வேண்டியதுதானே!"

"நிக்கச் சொல்லி ஒரு வரியும் இல்லையே டீச்சரே" என்று மூச்சு வாங்கச் சொன்னான்.

அவனுக்கு ஒரு சர்பத் வாங்கிக் கொடுத்தேன். முடிவில்லாமல் சுழல்கிற புரோகிராம் என்றால் என்ன என்பதை அதற்குப் பிறகு அந்த எட்டுப் பேருக்கும் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மதராஸில் எனக்கு அது புரிய ஒரு மாதம் ஆனது.

டின்னுக்குள் கொட்டை குறைந்தால் அதைப் பிடித்து நிற்கிற பையன் "குறையுது" என்று கத்துவான். அதை நான் அடக்கினேன். "பெட்டி பேசாது. பெட்டிக்கு வாய் கிடையாது. போட்டா வாங்கும், எடுத்தா குடுக்கும், அவ்வளவுதான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். பிள்ளை சார் வராந்தாவில் நின்று இதையெல்லாம் பார்ப்பார். ஒருநாள், "பெட்டி மிண்டாது. அது கொள்ளாம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு போனார். மிண்டாது என்றால் பேசாது.

பரீட்சைக்குத் தேதி குறித்தது பிள்ளை சார்தான். அலுவலகம் விடுமுறையாக இருந்தால்தானே யந்திரம் ஓய்வாக இருக்கும்? இங்கிலீஷ் காலண்டரில் சிவப்பாக ஒரு நாளைப் பார்த்து அதையே எழுதிப் போட்டுவிட்டார். அந்தச் சிவப்பு ஏன் என்று அவரும் பார்க்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை. மதராஸிலிருந்து பரிசோதகர் ராமநாதன் முந்தின நாள் மதியம் ரயிலில் வந்து இறங்கினார். மெலிந்த மனிதர், பேச்சில் சிக்கனம். மறுநாள் சாயங்கால ரயிலுக்கே திரும்ப டிக்கெட் எடுத்து வைத்திருந்தார். தன் தோல் பையைக் கம்ப்யூட்டர் அறையில் பத்திரமாக வைக்கச் சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போனார். பேனா, மூக்குக் கண்ணாடி, கேள்வித்தாள் எல்லாம் அதற்குள்.

அன்று துர்காஷ்டமி. சாயங்காலம் எங்கள் அலுவலகத்தில் பூஜை வைப்பு.

கேரளத்துக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். அஷ்டமி சாயங்காலம் புத்தகம், பேனா, தொழில் சாமான் எல்லாவற்றையும் சரஸ்வதி முன்னால் பூஜைக்கு வைப்பார்கள். வைத்துவிட்டால் நவமி முழுக்க யாரும் தொடக் கூடாது, எழுதக் கூடாது, படிக்கக் கூடாது. தசமி காலையில்தான் எடுப்பது. பிள்ளைகளுக்கு வருடத்திலேயே ஆகப் பெரிய சந்தோஷம் அந்த ஒரு நாள். பரீட்சை குறித்திருந்ததோ நவமிக்கு.

நான் மாலையில் சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டேன், மகளுக்கு மேல் சூடு, காய்ச்சல். பூஜைக்கு அலங்காரம் செய்யப் பையன்களை அனுப்பியிருந்தார் நாகராஜன் மாஸ்டர். சாரணன் தினமும் ஒரு நற்செயல் செய்ய வேண்டும் என்பது விதி. எட்டுப் பேரும் அன்றைய நற்செயலை ஒன்றாகச் செய்து தீர்த்துவிட்டார்கள். கம்ப்யூட்டருக்குப் பட்டு போர்த்தி, சந்தனம் தொட்டு, செவ்வந்தி மாலை போட்டார்கள். புரோகிராம் எழுதின தாள்களை எல்லாம் அடுக்கினார்கள். தங்கள் பிஸ்கட் டின்களையும் வைத்தார்கள், அதுவும் கம்ப்யூட்டர்தானே. கடைசியில் மூலையில் ஒரு தோல் பை அநாதையாக இருப்பதைப் பார்த்து, யாரோ பெரியவர் வைக்க மறந்துபோனார் போல என்று அதற்கும் ஒரு மாலை போட்டு நடுவில் வைத்தார்கள். பிள்ளை சார் வந்து, மறுநாள் பரீட்சை என்ற நினைவே இல்லாமல், கண்ணை மூடிக் கற்பூரம் காட்டினார். பூஜை முடிந்தது.

மறுநாள் காலை நான் போனபோது முற்றத்தில் ராமநாதன் நின்றுகொண்டிருந்தார். எதிரில் முழுச் சாரண உடையில் பிள்ளை சார். இருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

"என்ன சார் இது? பரீட்சைக்கு வரச் சொல்லிட்டு மிஷினுக்கு மாலை போட்டு வச்சிருக்கீங்க? என் பையும் அதுக்குள்ள இருக்கு!"

"வச்சது வச்சதாணு சாரே. நாளெ காலத்து எடுக்கலாம்."

"எனக்குச் சாயந்திரம் ரயில் சார்!"

பிள்ளை சார் என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "ஜெயசீலி, நீ கிறிஸ்தியானியல்லே? உனக்கு தோஷமில்லல்லோ. நீ சென்னு எடு."

"சார், நான் கிறிஸ்தவச்சிதான். ஆனா கம்ப்யூட்டர் நேத்துச் சாயங்காலமே இந்து ஆயாச்சே" என்றேன். எப்படி வாயில் வந்ததோ தெரியவில்லை. நாகராஜன் மாஸ்டர் திரும்பி நின்று இருமினார்.

ராமநாதனுக்குச் சிரிப்பு வரவில்லை. "சரி. பரீட்சை நடக்கலைன்னு எழுதிக் குடுத்துட்டுப் போறேன். பையன்கள் ஃபெயில். யாராவது பேனா குடுங்க."

யாரிடமும் பேனா இல்லை. அலுவலகத்துப் பேனா அத்தனையும் சரஸ்வதி காலடியில். வாட்ச்மேன் காதில் சொருகியிருந்த பென்சிலைக் கூடப் பயல்கள் விட்டு வைக்கவில்லை. இருந்தாலும், "இன்னைக்கு எழுதப்பிடாது சாரே" என்றார் பிள்ளை சார். நான் நினைத்துக்கொண்டேன், இன்றைக்கு இவராலும் ஆர்டரில் தேதி போட முடியாது. ஒரு நாள் கிடைத்தது. ஆனால் ஒரு நாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஃபெயிலை அவர் மதராஸ் போய் எழுதுவார், தேதியை இவர் நாளைக்குப் போடுவார். பலாமரத்தடியில் நின்ற எட்டுப் பேரையும் பார்த்தேன். எட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றன.

"சார், கேள்வியை வாயால சொல்லுங்க. பயலுவ ஓட்டிக் காட்டுவானுவ" என்றேன்.

"எதுல ஓட்டுவாங்க?"

"அவனுவளையே ஓட்டுவானுவ சார்."

என்ன நினைத்தாரோ, ராமநாதன் மரத்தடிக் கல்லில் உட்கார்ந்தார். வேறு போக்கிடமும் இல்லை. "வகுத்தல் கட்டளையே கிடையாதுன்னு வச்சுக்கோங்க. கூட்டவும் கழிக்கவும்தான் தெரியும். இருபத்திமூணை நாலால வகுத்து, ஈவும் மீதியும் சொல்லணும். நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது மேடம்" என்றார்.

இதை நான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. வாயை மூடிக்கொண்டு நின்றேன். பையன்கள் வட்டமாகக் குந்தி ரகசியம் பேசினார்கள். பிறகு எழுந்து வரிசை பிடித்தார்கள். டின் இல்லை, ஆகவே தொப்பி. புளியங்கொட்டை இல்லை, ஆகவே முற்றத்துச் சரளைக் கல். ஏ தொப்பியை ஒருவன் பிடித்தான், அதில் இருபத்துமூன்று கல். பி தொப்பி நாகராஜன் மாஸ்டருக்கு, அதில் நாலு. எத்தனை முறை கழித்தோம் என்று எண்ணி வைக்கச் சி பெட்டி வேண்டும். ஆள் தீர்ந்துவிட்டது. சுடலைமுத்து பிள்ளை சாரின் முன்னால் போய் விறைப்பாக சல்யூட் வைத்தான்.

"சாரே, ஒரு பெட்டி குறையுது. நிக்கணும்."

பிள்ளை சார் ஒரு கணம் அவனைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மல்லாத்தி இரண்டு கையாலும் பிடித்து, அவன் காட்டின இடத்தில் போய் நின்றார். அந்த இடம் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில், நல்ல வெயிலில்.

"பெட்டி மிண்டாது, சாரே" என்று நினைவுபடுத்தினான் சுடலைமுத்து.

"எனிக்கறியாம்டா" என்றார். தெரியும் என்று அர்த்தம். அதற்குப் பிறகு பேசவில்லை.

சலீம் ஓடினான். ஏ-யில் பி-யைவிடக் குறைவா? இல்லை. ஏ-யிலிருந்து நாலை எடு. சி-யில் ஒன்று போடு. திரும்பிப் போ. கல் விழுகிற சத்தமும் சலீமின் காலடிச் சத்தமும்தான். பிழை இல்லை, எல்லாம் சரியாக ஓடுகிறது, ஓட ஓட எனக்குக் காசர்கோடு ரயில் ஒவ்வொரு ஸ்டேஷனாகப் பின்னால் போவது போல இருந்தது.

அப்போது கோயில் அக்ரகாரத்துப் பக்கத்திலிருந்து ஒரு மாமி தெருவோடு எங்கள் கேட்டுப் பக்கம் வந்தாள். கையில் சுண்டல் பாத்திரம், கொலுவுக்குப் போகிறவள். திறந்த கேட்டுக்குள் காக்கி உடையில் ஒரு வயசானவர், நெற்றியில் வியர்வை ஒழுக, ஏந்திய தொப்பியோடு, வாய் திறக்காமல் நிற்பதைப் பார்த்தாள்.

"ஐயோ பாவம், யாராத்து மனுஷரோ! நல்ல நாளும் அதுவுமா வெயில்ல நிக்கறாரே" என்று இடுப்பிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துத் தொப்பியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

சலீம் அப்போது முதுகைக் காட்டி ஓடிக்கொண்டிருந்தான். பையன்கள் யாரும் பார்க்கவில்லை. ராமநாதன் கல் எண்ணுகிற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தது இரண்டே பேர். நான் பேசக் கூடாது. பிள்ளை சார் பெட்டி. எங்கள் கண்கள் சந்தித்தன. "சார், ஒரு வார்த்தை சொல்லுங்க, தொப்பியைக் கவிழ்த்தாவது விடுங்க" என்று நான் கண்ணாலேயே கதறினேன். அவர் முகம் கல்லாக இருந்தது. போட்டால் வாங்கும், எடுத்தால் கொடுக்கும். மனிதர் அசையவில்லை.

சலீம் கடைசிச் சுற்றை முடித்து அச்சு வரியிடம் வந்தான். சுடலைமுத்து டின் பழக்கத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டே தொப்பிக்குள் கையை விட்டுத் தடவி எண்ணினான். "ஈவு ஆறு! மீதி மூணு!" அடுத்த வரிக்குப் போனால் இசக்கி, அதிசயமாக விழித்திருந்து, "முடிஞ்சு!" என்று கத்தினான்.

"ஆறு நாலு இருபத்திநாலு. மேல மூணு, இருபத்தேழு. நான் குடுத்தது இருபத்திமூணு" என்று ராமநாதன் எழுந்தார். "நாலு கல்லு எங்கேருந்து வந்தது? தப்பு. நான் கிளம்பறேன்."

எனக்கு மகளின் முகம்தான் கண்முன் வந்தது.

"நில்லுங்க சார்" என்றான் சுடலைமுத்து. நின்ற இடத்தை விட்டு அவன் நகரவில்லை. "புரோகிராம் தப்பில்ல சார். எங்க வரியெல்லாம் சரியாத்தான் ஓடுச்சு. கழிச்ச கல்லைக் கீழ போட்டிருக்கோம், எண்ணிப் பாருங்க. அஞ்சு தடவைதான் கழிச்சிருக்கோம். ஏ-யும் சரி. அப்போ சி பெட்டியில யாரோ வெளிய உள்ளவங்க கையை வச்சிருக்காங்க."

"யாரு வைப்பா?"

சுடலைமுத்து பிள்ளை சாரின் தொப்பியைத் தரையில் கவிழ்த்தான். ஐந்து கல்லும் ஒரு காசும் விழுந்தன. சின்னச் சத்தம்தான், ஆனால் முற்றம் முழுக்கக் கேட்டது.

ராமநாதன் காசைப் பார்த்தார். பிள்ளை சாரைப் பார்த்தார். "சார், இது எப்படி வந்தது?"

பிள்ளை சார் பேசவில்லை. சுடலைமுத்துவைப் பார்த்தார். அவனுக்குப் புரிந்தது. "முடிஞ்சு சாரே, இனி பேசலாம்" என்றான்.

"ஒரு மாமி பிச்ச இட்டது" என்றார் பிள்ளை சார், மிகுந்த கம்பீரத்துடன்.

ராமநாதன் சிரிக்க ஆரம்பித்தார். பேச்சில் சிக்கனமான மனிதர் சிரிப்பில் சிக்கனமாக இல்லை. கல்லில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "தப்பு எங்கேன்னு கண்டுபிடிக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் சார் புரோகிராம் தெரியும். பாஸ், எட்டுப் பேரும் பாஸ்" என்றார். எழுதித்தான் கொடுக்க முடியவில்லை. ஆகவே ரயிலை விட்டுவிட்டு, பை எடுக்கும் வரை தங்கிவிட்டார். அந்தக் காசைப் பிள்ளை சார் யாருக்கும் கொடுக்கவில்லை, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் விஜயதசமி. அன்று சின்னக் குழந்தைகளின் விரலைப் பிடித்து அரிசியில் முதல் எழுத்து எழுத வைப்பார்கள். எங்கள் அலுவலகத்தில் பூஜை எடுத்ததும் ராமநாதன் மாலையை விலக்கிப் பேனாவை எடுத்து, எட்டுப் பேட்ஜ் அட்டையிலும் கையெழுத்துப் போட்டார். அப்புறம் பையன்கள் கம்ப்யூட்டரைத் தொடலாம் என்றார் பிள்ளை சார். ஒவ்வொரு கையாக மோந்து பார்த்துத்தான் உள்ளே விட்டார். ஒவ்வொருவனும் முந்தின நாள் ஓடின புரோகிராமில் ஒரு வரி அடித்தான். ஈவு ஐந்து, மீதி மூன்று என்று பச்சையாக வந்தது. கூச்சல் தாங்கவில்லை.

கூச்சல் அடங்கினதும் பிள்ளை சார் நாற்காலியை இழுத்துக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தார். நாங்கள் யாரும் பார்த்திராத காட்சி. வலது கை ஆள்காட்டி விரலை என்னிடம் நீட்டினார்.

"ஜெயசீலி, என்னெயும் எழுத வைக்கணும். எனிக்கு இது ஒண்ணும் அறிஞ்சுகூடா, தெரியாது. தொட்டா கெட்டுப் போகுமோன்னு பயமாயிருந்நு."

இத்தனை நாள் இவரைப் பார்த்து நான் நடுங்கியிருக்கிறேன், இவர் அந்தப் பெட்டியைப் பார்த்து நடுங்கியிருக்கிறார். விரலைப் பிடித்தேன். தேங்காயெண்ணெய் மணத்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

"என்ன எழுதணும் சார்?"

"ஜெயசீலிக்கு இஷ்டமுள்ளது."

அப்படிக் கேட்டால் விடுவேனா? பத்தாம் வரியில் 'நோ காசர்கோடு' என்று அச்சடிக்கச் சொல்லி இங்கிலீஷில் ஒவ்வொரு எழுத்தாக அவர் விரலாலேயே அமுக்க வைத்தேன். இருபதாம் வரியில், பத்தாம் வரிக்குத் திரும்பிப் போ. ஓட விட்டேன். திரை மேலிருந்து கீழ் வரை நோ காசர்கோடு, நோ காசர்கோடு என்று நிறைந்து, நிறைந்தது மேலே ஏறி மறைந்து, மறுபடி நிறைந்துகொண்டே இருந்தது. பிள்ளை சார் பார்த்தார். சட்டைப் பையில் இருந்த காசைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"இது எப்போழு நிக்கும்?"

நான் பதில் சொல்வதற்குள் இசக்கி கொட்டாவி விட்டுக்கொண்டே முன்னால் வந்தான். "இதுல என் வரி இல்ல சாரே. நிக்காது" என்றான்.

ஆர்டரில் தேதி விழவில்லை. நான் ஓய்வு பெற்று வீட்டுக்கு வருகிற வரைக்கும் அந்த நோ காசர்கோடு நிற்கவில்லை.